வாழைத் தோட்ட மண்ணில் மண்புழுச் சோதனை: வேதிப்பொருளுக்குச் சிற்றுயிர் காட்டும் எதிர்வினையை அளக்கும் முறை

முக்கொம்பில் பிரிந்து கொள்ளிடத்தின் வடபுறமாக ஓடிவரும் அய்யன் வாய்க்காலும் பெருவளை வாய்க்காலும் பாயும் லால்குடிப் பகுதியில், நெல்லுக்கு அடுத்தபடியாக வாழையே மிகுதியான பூச்சிமருந்தையும் பூஞ்சணமருந்தையும் மண்ணுக்குள் பெறும் பயிராக உள்ளது. கிழங்கைத் துளைக்கும் கூன்வண்டுக்கும் வேரைத் தாக்கும் நூற்புழுவுக்கும் குருணை மருந்து இடப்படுகிறது; வாடல் நோய்க்குக் கார்பென்டசிம் கலவையில் கன்று நனைக்கப்படுகிறது. இம்மருந்துகளின் உறையில் எந்தப் பூச்சிக்கு எவ்வளவு என்பது அச்சிடப்பட்டிருந்தாலும், அதே குழியில் வாழும் மண்புழு என்னவாகும் என்பதற்கு அங்கே விடை இருப்பதில்லை. அவ்விடையைக் கல்லூரி ஆய்வகத்திலோ, தராசும் சில கண்ணாடிப் புட்டிகளும் உள்ள ஓர் உழவர் குழுவின் கொட்டகையிலோ கண்டறியும் முறையே இவ்வியலில் விளக்கப்படுகிறது.

வேதிப்பொருளுக்கு மண்புழு காட்டும் எதிர்வினை மூன்று நிலைகளில் அளக்கப்படுகிறது. புழு இறக்கிறதா என்பது முதல் நிலை. உயிரோடிருந்தும் முட்டைக்கூடு இடுவதைக் குறைக்கிறதா என்பது இரண்டாவது. மருந்து கலந்த மண்ணை உணர்ந்து அதைவிட்டு விலகுகிறதா என்பது மூன்றாவது. மாணவர் ஆய்வேடுகளில் பெரும்பாலும் முதல் நிலையே இடம்பெறுவதற்கு அது எண்ணுவதற்கு எளிது என்பதைத் தவிர வேறு காரணம் இருப்பதாகத் தெரியவில்லை. வயலில் புழுக்கள் ஒரே நாளில் கொத்தாகச் செத்து மிதப்பது அரிது. இனம் பெருகாமலும் வேறிடம் நோக்கி நகர்ந்தும் இரண்டு மூன்று பருவங்களில் அவை இல்லாமற்போவதே வழக்கம். ஆகவே இறப்பைத் தொடக்கக் கணக்காக மட்டும் கொண்டு, மற்ற இரு நிலைகளுக்கே கூடுதல் நேரம் ஒதுக்குவது தகும்.

இத்தகைய சோதனை புதியதன்று. 1881-இல் வெளிவந்த மண்புழு பற்றிய தம் நூலில் சார்லஸ் டார்வின், வாயில் புகையிலையை மென்றபடியும், நறுமண நீரும் அசெட்டிக் அமிலமும் நனைத்த பஞ்சை வாயில் வைத்தபடியும் புழுக்களின்மேல் மெல்ல மூச்சுவிட்டுப் பார்த்ததைப் பதிவுசெய்துள்ளார். புகையிலை மணத்தைப் புழுக்கள் பொருட்படுத்தவில்லை. அமிலம் நனைத்த பஞ்சை அருகே காட்டியபோது மட்டும் சற்றே அமைதியிழந்தன. ஆனால் மண்ணுக்குள் புதைத்த முட்டைக்கோசு இலையையும் வெங்காயத்துண்டையும் தேடிக் கண்டுபிடித்தன. காற்றில் வரும் வாசனையைவிட, ஈரத்தோலில் நேரடியாகப் படும் வேதிப்பொருளையே புழு நன்கு அறிகிறது என்று இதிலிருந்து கொள்ளலாம். இன்றைய சோதனைகளில் மருந்து மண்ணோடு கலக்கப்படுவதும் இதற்குப் பொருத்தமாகவே உள்ளது.

புழுவைத் தேர்தல்

பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு 1984-இல் வெளியிட்ட 207-ஆம் வழிகாட்டுமுறையும், 2004-இல் வெளியிட்டுப் பின்னர் திருத்திய 222-ஆம் வழிகாட்டுமுறையும் உலகெங்கும் பின்பற்றப்படுகின்றன. முன்னது இறப்பையும் பின்னது இனப்பெருக்கத்தையும் அளப்பது. இரண்டும் ஐசீனியா இனப் புழுவையே பரிந்துரைக்கின்றன. அப்புழு எளிதாக வளர்வது, விரைவாகப் பெருகுவது, எல்லா நாட்டு ஆய்வகங்களிலும் கிடைப்பது. ஆனால் அது எருக்குவியலில் வாழும் புழுவேயன்றி வயல்மண்ணில் துளையிட்டு வாழும் புழுவன்று. லால்குடியின் மண்புழு உரத் தொட்டிகளில் பரவலாகக் காணப்படும் ஆப்பிரிக்க இனமான யூட்ரிலஸும் அத்தகையதே. தொட்டிப் புழு தாங்கும் அளவை வயற்புழுவும் தாங்கும் என்று முடிவுகட்டுவதற்கு எந்த அடிப்படையும் இல்லை.

தமிழ்நாட்டு வயல்களிலும் வரப்புகளிலும் பரவலாக வாழ்வது லாம்பிட்டோ மாரிட்டி என்னும் இனம். தமிழ்நாட்டு மேல்நிலை முதலாமாண்டு விலங்கியல் பாடநூலில் மண்புழுவுக்கு எடுத்துக்காட்டாக விளக்கப்படுவதும் இதுவே. 80 முதல் 210 மில்லிமீட்டர் நீளமும் இளம்பழுப்பு நிறமும் முன்முனையில் ஊதாச் சாயலும் கொண்ட இப்புழுவின் 14 முதல் 17 வரையான கண்டங்களைச் சுற்றிக் கிளைடெல்லம் எனப்படும் தடித்த வளையம் இருந்தால் அது முதிர்ந்த புழு என்று அறியலாம். மேல்மட்கில் வாழும் பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ் என்னும் மற்றொரு நாட்டினமும் சோதனைக்கு உகந்தது. சென்னை புதுக்கல்லூரியில் பணியாற்றிய சூழலியலாளர் சுல்தான் அகமது இஸ்மாயில் இவ்விரு நாட்டினங்களையும் சேர்த்தே மண்புழு உரத் தயாரிப்பில் பரப்பினார் என்பதால், தமிழ்நாட்டில் இவற்றை வளர்த்த அனுபவம் போதுமான அளவு உள்ளது. முதன்முறையாகச் சோதிப்போர் விரைவாகப் பெருகும் பெரியோனிக்ஸில் கைப்பழகிக்கொண்டு, பின்னர் லாம்பிட்டோவுக்குச் செல்வது நல்லது.

லாம்பிட்டோவைச் சேகரிக்க வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களே ஏற்றவை. கோடையில் அவை ஆழத்துக்கு இறங்கிவிடும். நீர் தேங்கிய நெல்வயலைவிட வரப்பிலும் தென்னந்தோப்பிலும் சில ஆண்டுகளாக மருந்து இடாத வாழைக்கொல்லையிலும் மேற்பரப்பில் கிடக்கும் எச்ச உருண்டைகளை அடையாளமாகக் கொண்டு தோண்ட வேண்டும். ஃபார்மலின் ஊற்றிப் புழுவை வெளியேற்றும் பழைய முறையை இங்கே முற்றிலும் தவிர்க்க வேண்டும்; வேதிப்பொருளின் விளைவை அளக்கப்போகும் புழுவை வேறொரு வேதிப்பொருளில் குளிப்பாட்டி எடுத்துவருவதில் பொருளில்லை. மண்வெட்டியால் கட்டியாகப் பெயர்த்து, கையால் உதிர்த்துப் பொறுக்குவதே முறை. கொண்டுவந்த புழுக்களைச் சோதனைக்குரிய மண்ணிலேயே, மருந்தின்றி, குறைந்தது ஒருவார காலம் பழக்கிய பின்னரே பயன்படுத்த வேண்டும். காயம்பட்டவையும் மந்தமானவையும் அதற்குள் தாமாகவே தெரிந்துவிடும்.

மண்ணும் ஈரமும்

வெவ்வேறு ஆய்வகங்களின் முடிவுகளை ஒப்பிடுவதற்காக வழிகாட்டுமுறைகள் செயற்கை மண் ஒன்றை வகுத்துள்ளன. அதில் எடையளவில் 10 விழுக்காடு பீட் எனப்படும் சதுப்புநிலப் பாசிமட்கும், 20 விழுக்காடு கயோலின் களிமண்ணும், ஏறத்தாழ 70 விழுக்காடு நுண்மணலும் அடங்கும். கார அமிலத்தன்மை 6 அளவில் நிற்கும்படி சிறிது கால்சியம் கார்பனேட் சேர்க்கப்படும். பாசிமட்கு தமிழ்நாட்டில் விளையும் பொருளன்று. இலங்கை ஆய்வாளர் டி சில்வாவும் ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர் வான் கெஸ்டலும் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், வெப்பமண்டல நாடுகளுக்கு ஏற்ற செயற்கை மண்ணுக்காகத் தென்னை நார்க்கழிவு போன்ற உள்ளூர்ப் பொருள்களைச் சோதித்துள்ளனர். தென்னை மிகுந்த லால்குடியில் நார்க்கழிவுக்குக் குறைவில்லை என்றாலும், அதில் உப்பு தங்கியிருப்பதுண்டு என்பதால் பலமுறை நல்ல நீரில் அலசி உலர்த்த வேண்டும். கொள்ளிட மணல் பருமணல் என்பதால் அப்படியே பயன்படாது; நுண்சல்லடையில் சலித்து, 50 முதல் 200 மைக்ரான் வரையான துகள்கள் பாதிக்குமேல் இருக்குமாறு பிரித்தெடுக்க வேண்டும்.

பிற ஆய்வகங்களோடு ஒப்பிடும் நோக்கமில்லாமல் உள்ளூர்த் தோட்டம் ஒன்றைப் பற்றிய கேள்விக்கு விடை தேடுவோர், செயற்கை மண்ணுக்காக அலையாமல் அத்தோட்டத்து மண்ணையே பயன்படுத்துவது மேல். களியும் மட்கும் மருந்து மூலக்கூறுகளைப் பற்றிவைத்துக்கொள்வதால், வண்டல் களிமண்ணில் புழுவுக்கு எட்டும் மருந்து மணற்பாங்கான நிலத்தில் எட்டுவதைவிடக் குறைவாக இருக்கக்கூடும். ஆற்றங்கரைப் படுகை நிலத்தில் கிடைத்த முடிவை ஊருக்கு வடக்கேயுள்ள மேட்டுநிலத்துக்கு அப்படியே பொருத்துவது இதனாலேயே தவறாகிறது.

ஈரத்தில் நேரும் பிழை மருந்தில் நேரும் பிழையைவிடப் பெரிய குழப்பத்தை உண்டாக்கும். மண்ணின் நீர்கொள்திறனை, அதாவது நனைத்து வடியவிட்டபின் அது தன்னகத்தே பிடித்துவைத்துக்கொள்ளும் நீரின் அளவை, முதலில் கண்டறிய வேண்டும். அடியில் வடிதாள் கட்டிய குழாயில் உலர்ந்த மண்ணை நிரப்பி, நீரில் ஊறவைத்து, ஏறத்தாழ இரண்டு மணிநேரம் வடியவிட்டு எடைபோட்டு, பின்னர் 105 டிகிரி செல்சியசில் உலர்த்தி மீண்டும் எடைபோட்டால் அவ்வளவு கிடைக்கும். சோதனை மண்ணில் அதன் 40 முதல் 60 விழுக்காடு வரை நீர் இருக்க வேண்டும். நூறு கிராம் உலர்மண் 40 கிராம் நீரைப் பிடிக்குமானால், பாதியளவு என்ற கணக்கில் 500 கிராம் மண்ணுக்கு 100 மில்லிலிட்டர் நீர் தேவைப்படும். கையில் பிடித்து அழுத்தினால் உருண்டையாக வேண்டுமேயன்றி விரலிடுக்கில் நீர் கசியக்கூடாது.

வெப்பநிலையாக வழிகாட்டுமுறைகள் 20 டிகிரியைக் குறிப்பிடுகின்றன. திருச்சிராப்பள்ளிப் பகுதியில் குளிரூட்டிய அறையின்றி அது இயலாது. இங்குள்ள மண்ணுக்கும் புழுவுக்கும் அது இயல்பானதும் அன்று. 26 டிகிரி அளவில், ஓரிரண்டு டிகிரிக்குமேல் ஏறியிறங்காமல் வைத்திருந்து, அவ்வெப்பநிலையை அறிக்கையில் குறிப்பிட்டுவிடுவது போதும்.

செறிவைத் தீர்மானித்தல்

எவ்வளவு மருந்தைச் சோதிப்பது என்பதை வயல் நடைமுறையிலிருந்தே கணக்கிட வேண்டும். வாழைக்கன்றின் கிழங்கைச் சேற்றுக்குழம்பில் தோய்த்து, அதன்மேல் 3 விழுக்காடு கார்போபியூரான் குருணையை 40 கிராம் அளவில் தூவி நடும் முறையைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நூற்புழுவுக்கெதிராகப் பரிந்துரைத்து வந்துள்ளது. அந்த 40 கிராமில் செயல்படும் நச்சுப்பொருள் 1.2 கிராம். நீளம், அகலம், ஆழம் மூன்றும் 45 சென்டிமீட்டராக உள்ள குழியின் கொள்ளளவு ஏறத்தாழ 91 லிட்டர். ஒரு லிட்டர் மண் 1.3 கிலோகிராம் என்று கொண்டால் குழிமண் 118 கிலோகிராம் ஆகிறது. ஆகவே மருந்து முழுக் குழியிலும் சமமாகப் பரவினாலும் ஒரு கிலோகிராம் மண்ணுக்கு ஏறத்தாழ 10 மில்லிகிராம் வரும். உண்மையில் அது கிழங்கைச் சுற்றியே குவிந்திருப்பதால், அங்கே நுழையும் புழு சந்திக்கும் செறிவு இதைப்போலப் பன்மடங்கு இருக்கும். சோதனைக்குரிய செறிவு வரிசையின் நடுவில் இந்தப் பத்து நிற்குமாறும், கீழும் மேலும் இரண்டிரண்டு படிகள் இருக்குமாறும் அமைத்தால் முடிவுக்கு வயலோடு தொடர்பு இருக்கும்.

எனினும் கார்போபியூரான் மனிதருக்கும் கடும் நஞ்சு; 2023-இல் ஒன்றிய அரசு, பயிர்ப்பெயர் குறித்த 3 விழுக்காடு உறையிட்ட குருணையைத் தவிர அதன் மற்ற வடிவங்களைத் தடைசெய்துள்ளது. குருணையை இடித்துப் பொடியாக்கி மண்ணில் கலக்கும் வேலையைப் புகைக்கூண்டும் பயிற்சியும் உள்ள ஆய்வகத்துக்கு வெளியே எவரும் செய்யக்கூடாது. கைப்பழக்கத்துக்குக் கார்பென்டசிமே பொருத்தமானது. வாழை உழவர் நன்கு அறிந்த இப்பூஞ்சணமருந்தையே 222-ஆம் வழிகாட்டுமுறை சோதனையின் நம்பகத்தன்மையைச் சரிபார்க்கும் ஒப்பீட்டு நஞ்சாகவும் குறிப்பிடுகிறது. ஒரு கிலோகிராம் உலர்மண்ணில் 1 முதல் 5 மில்லிகிராம் வரை அது கலந்திருந்தாலே ஐசீனியாவின் இனப்பெருக்கத்தில் குறிப்பிடத்தக்க குறைவு தென்பட வேண்டும். தென்படாவிட்டால் ஆய்வகத்தின் செய்முறையில் கோளாறு உள்ளது என்று பொருள். பூஞ்சணத்தைக் கொல்ல வந்த மருந்து புழுவை இத்தனை குறைந்த அளவில் தாக்குவதை, மருந்துக் கடையில் இதை வாங்குவோரில் பலர் அறிந்திருப்பதாகத் தோன்றவில்லை. 2020-இல் ஒன்றிய வேளாண் அமைச்சகம் வெளியிட்ட 27 மருந்துகளின் தடை வரைவில் இதுவும் இருந்தது.

கடையில் கிடைக்கும் 50 விழுக்காட்டு நனையும் தூளில் ஒரு கிராமை ஒரு லிட்டர் நீரில் கலந்தால், அக்கலவையின் ஒவ்வொரு மில்லிலிட்டரிலும் அரை மில்லிகிராம் கார்பென்டசிம் இருக்கும். 500 கிராம் உலர்மண்ணில் அதில் ஒரு மில்லிலிட்டர் சேர்த்தால் செறிவு கிலோகிராமுக்கு ஒரு மில்லிகிராம். 1, 2, 4, 8, 16 மில்லிலிட்டர் என்று எடுத்து, ஒவ்வொன்றையும் மண்ணுக்குத் தேவையான மொத்த நீரின் அளவுக்கு நிறைத்துக் கலந்தால், இரட்டிப்பாக ஏறும் ஐந்து செறிவுகள் கிடைக்கும். ஈரமும் எல்லாப் புட்டியிலும் ஒன்றாக இருக்கும். கார்பென்டசிம் நீரில் கரைவதில்லை, மிதந்துநின்று படிந்துவிடும். ஒவ்வொரு முறை உறிஞ்சுவதற்கு முன்னும் குலுக்காவிட்டால் முதற்புட்டிக்கும் கடைசிப்புட்டிக்கும் செறிவு மாறிப்போகும்.

விலகல் சோதனை

பன்னாட்டுத் தரநிர்ணய அமைப்பு 2008-இல் வெளியிட்ட 17512-ஆம் தரத்தின் முதற்பகுதி இச்சோதனையை விளக்குகிறது. நடுவில் எடுத்து மாட்டத்தக்க தடுப்பு கொண்ட பெட்டியின் ஒரு பாதியில் மருந்து கலந்த மண்ணையும், மறுபாதியில் அதே மண்ணை மருந்தின்றியும் நிரப்ப வேண்டும். பின்னதே ஒப்பீட்டு மண். தடுப்பை உருவியபின் அது இருந்த கோட்டின்மேல் பத்து முதிர்ந்த புழுக்களை விட்டு, காற்றோட்டமுள்ள மூடியிட்டு, 48 மணிநேரம் கழித்துத் தடுப்பை மீண்டும் செருகி இருபுறமும் எண்ண வேண்டும். தடுப்பில் சிக்கிய புழு, எந்தப் பக்கம் எவ்வளவு நீண்டிருந்தாலும், இருபுறத்துக்கும் அரை அரையாகக் கணக்கிடப்படும். ஒப்பீட்டு மண்ணிலுள்ள எண்ணிக்கையிலிருந்து மருந்து மண்ணிலுள்ள எண்ணிக்கையைக் கழித்து, மொத்தத்தால் வகுத்து, நூறால் பெருக்கினால் விலகல் விழுக்காடு கிடைக்கும்: எட்டும் இரண்டுமாகப் பிரிந்திருந்தால் 60. ஒவ்வொரு செறிவுக்கும் ஐந்து பெட்டிகள் வைக்கப்படுகின்றன. ஐம்பது புழுக்களில் பத்துக்கும் குறைவானவையே மருந்து மண்ணில் இருந்தால், அம்மண் புழு வாழ்வதற்குரிய தன்மையை இழந்தது என்று அத்தரம் கொள்கிறது.

புழு நகர்வதற்கு மருந்து மட்டுமே காரணமன்று. ஒருபுறம் சற்று ஈரமாக இருந்தாலோ, மட்கு கூடுதலாக இருந்தாலோ, பெட்டியின் ஒருபுறம் சன்னல் வெளிச்சம் பட்டாலோ புழுக்கள் அதற்கேற்ப நகரும். இதை அறிவதற்காக இருபுறமும் மருந்தில்லாத மண் நிரப்பிய பெட்டிகளைக் கட்டாயம் வைக்க வேண்டும். அவற்றில் ஒவ்வொரு புறமும் 40 முதல் 60 விழுக்காட்டுக்குள் புழுக்கள் இருந்தாலொழிய மற்றப் பெட்டிகளின் எண்ணிக்கைக்கு மதிப்பில்லை. மருந்திட்ட தோட்டத்து மண்ணையும் இடாத தோட்டத்து மண்ணையும் நேரடியாக ஒப்பிட விரும்பும் உழவர் குழுக்கள் பெரும்பாலும் இங்கேதான் வழுக்குகின்றன. பத்தாண்டுகளாக எரு கண்ட கொல்லையையும் உரமூட்டை மட்டுமே கண்ட கொல்லையையும் எதிரெதிரே வைத்தால், புழு தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் எருவையே. ஒரே வயலின் மருந்திட்ட வரிசையிலிருந்தும் இடாத வரிசையிலிருந்தும் மண் எடுத்து, இரண்டின் கார அமிலத்தன்மையும் கரிமப் பொருளும் நெருங்கியிருப்பதை மண் பரிசோதனையில் உறுதிசெய்த பின்னரே பெட்டியை நிரப்ப வேண்டும்.

இச்சோதனைக்கு மற்றொரு குருட்டுப்புள்ளியும் உண்டு. கார்பமேட், ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்துகள் நரம்புச் செய்தியை முடித்துவைக்கும் அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்னும் நொதியைத் தடுப்பதால், புழு தப்பியோட நினைக்கும் முன்பே தசை அதன் வசம் இல்லாமற்போகலாம். அப்போது மருந்து மண்ணிலேயே ஐந்து புழுக்கள் கிடக்கும். எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர் விலகலே இல்லை, மருந்து தீங்கற்றது என்று எழுதிவிடுவார். ஆகவே எண்ணும்போதே ஒவ்வொரு புழுவின் நிலையையும் குறித்துக்கொள்ள வேண்டும்: சுருண்டு கிடக்கிறதா, கண்டங்கள் வீங்கியோ இறுகியோ உள்ளனவா, தோலிலிருந்து மஞ்சள் திரவம் கசிந்துள்ளதா, வால்முனை அறுந்துள்ளதா, மென்தூரிகையால் முன்முனையைத் தொட்டால் உடனே உள்ளிழுக்கிறதா. பின்னர் அப்புழுக்களைத் தூய மண்ணின்மேல் விட்டு, அவை முழுதும் உட்புக எடுத்துக்கொள்ளும் நேரத்தை அளந்தால், கண்ணுக்குத் தெரியாத நரம்புப் பாதிப்பும் வெளிப்படும்.

இறப்பும் இனப்பெருக்கமும்

இறப்பை அளக்கும் சோதனையில் புட்டிக்குப் பத்துப் புழுக்கள், செறிவுக்கு நான்கு புட்டிகள் என்று வைத்து, ஏழாம் நாளும் பதினான்காம் நாளும் மண்ணைத் தட்டில் கொட்டி எண்ணுகின்றனர். முன்முனையைத் தொட்டும் அசையாதது இறந்ததாகக் கொள்ளப்படும். விளக்கு இடைவிடாது எரிய வேண்டும். ஒளிக்கு அஞ்சும் புழு மேலே ஏறித் தப்பாமல் மண்ணுக்குள்ளேயே இருப்பதற்கே இந்த ஏற்பாடு. உடல் பெரிதான லாம்பிட்டோவுக்குப் புட்டிக்கு ஐந்து போதும். மருந்தில்லாத புட்டிகளில் பத்து விழுக்காட்டுக்கு மேல் இறப்பு இருந்தால் சோதனையைத் தள்ளிவிட்டுத் தொடக்கத்திலிருந்து செய்ய வேண்டும். அதற்குட்பட்ட இறப்பு இருப்பின், 1925-இல் ஆபட் வகுத்த வாய்பாட்டின்படி அதைக் கழித்துக்கொள்ளலாம்.

இனப்பெருக்கச் சோதனை எட்டு வாரம் நீள்கிறது. முதல் நான்கு வாரம் முதிர்ந்த புழுக்கள் மருந்து மண்ணில் இருக்கும். பின்னர் அவற்றை எடுத்து எடைபோட்டுவிட்டு, இடப்பட்ட முட்டைக்கூடுகளை மட்டும் அதே மண்ணில் மேலும் நான்கு வாரம் விட்டுவைக்க வேண்டும். முதற்கட்டத்தில் வாரந்தோறும் புட்டிக்கு ஏறத்தாழ 5 கிராம் உலர்ந்த சாணத்தூள் உணவாகும். அச்சாணம் தரும் மாட்டுக்கு அண்மையில் குடற்புழு நீக்க மருந்து கொடுக்கப்பட்டதா என்று கேட்டறிவது இன்றியமையாதது. சாணத்தின் வழியே வரும் அம்மருந்து, சோதிக்கப்படும் மருந்தின் விளைவோடு கலந்துவிடும். இறுதியில் புட்டியை 40 டிகிரி வெந்நீர்த்தொட்டியில் வைத்து 60 டிகிரிக்கு ஏற்றினால், இருபது நிமிட அளவில் குஞ்சுப்புழுக்கள் வெப்பம் தாளாமல் மேற்பரப்புக்கு வந்துவிடும். மருந்தில்லாத புட்டியில் குறைந்தது 30 குஞ்சுகள் வேண்டும் என்ற நிபந்தனை ஐசீனியாவைக் கருதி எழுதப்பட்டது. நாட்டினத்தைப் பயன்படுத்துவோர், மருந்தே இல்லாமல் ஒருமுறை முழுச் சோதனையையும் நடத்தி, தம் புழு இயல்பாக எத்தனை குஞ்சு தருகிறது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

கிடைத்த எண்ணிக்கையிலிருந்து, பாதிப் புழுக்களைக் கொல்லும் செறிவும், குஞ்சுகளைப் பாதியாகக் குறைக்கும் செறிவும் கணிக்கப்படுகின்றன. கணினி நிரல் இல்லாதவர் செறிவை மடக்கை அளவிலும் விளைவை விழுக்காட்டிலும் வரைபடத்தில் குறித்து, 50-ஐத் தொடும் இடத்தைப் படித்தாலே உள்ளூர் முடிவுக்குப் போதுமான துல்லியம் கிடைக்கும். இவ்விரு எண்களையும் முன்னர்க் கணக்கிட்ட குழிமண் செறிவோடு அருகருகே எழுதிப் பார்க்க வேண்டும். இறப்புச் செறிவு வயற்செறிவைவிட மிக உயரத்தில் இருந்தும், இனப்பெருக்கச் செறிவு அதற்குக் கீழே இருந்தால், புழுவைக் கொல்லாத மருந்து என்னும் விற்பனையாளர் கூற்று உண்மையாகவே இருக்கும்; தோட்டத்தில் புழு குறைவதும் உண்மையாகவே இருக்கும்.

சோதனை முடிந்த மண்ணை உரத்தொட்டியிலோ நாற்றங்காலிலோ கொட்டக்கூடாது. குளிர்நாட்டு ஆய்வுகளின்படி, பயிரில்லாத வெற்று மண்ணில் கார்பென்டசிம் பாதியாகக் குறையவே 6 முதல் 12 மாதம் ஆகலாம். மருந்தின் பெயர், செறிவு, நாள் ஆகியவற்றை எழுதி ஒட்டிய மூடிய கலனில் அம்மண்ணையும், பாத்திரம் கழுவிய நீரையும் வைத்திருந்து, நச்சுக்கழிவை முறையாக அகற்றும் வசதியுள்ள கல்லூரி ஆய்வகத்திடம் சேர்க்க வேண்டும். மருந்து கண்ட புழுக்கள் கோழிக்கோ மீனுக்கோ இரையாகக்கூடாது. மருந்தில்லாத புட்டிகளில் இருந்த லாம்பிட்டோக்களைத் தோண்டிய வரப்பிலேயே மாலைநேரத்தில் விட்டுவிடலாம். யூட்ரிலஸ் போன்ற வெளிநாட்டினங்களைத் தொட்டிக்கே திருப்பி அனுப்ப வேண்டும்.